ஒரு மணிக்கு ரேடியோவை நிறுத்தியவர்கள்

1

நேற்று வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. போன ஒரு கிழமையில் நாங்கள் எந்த ரேடியோவை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கேட்டோம் என்று அதில் எழுதி அனுப்ப வேண்டுமாம். கூடவே ஒரு கடிதம். உங்கள் பதில் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று போட்டிருந்தது.

முக்கியமாம்!

லிஃப்டுக்கு முன்னால் நின்றபடியே அதைக் கிழித்துக் குப்பை வாளிக்குள் போடலாமா என்று பார்த்தேன். மேலே வந்து மேசையில் எறிந்தேன். என் மனைவி மலர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள், திரும்பிப் பார்த்தாள்.

"உதைக் கண்டு ஏனப்பா பல்லைக் கடிக்கிறியள்? கடதாசிதானே."

கடதாசிதான். ஆனால் ஐந்து வருசத்துக்கு முன்னால் இதே கடதாசியில் நான் எழுதுவித்த ஒரு பொய்யால், எங்களோடு இருந்த யோகன் என்ற பெடியன், தகப்பன் செத்த எட்டாம் நாள், செத்தது தெரியாமல், தொப்பி போட்டுக்கொண்டு ஆட்டம் ஆடினான். அவனுக்கு நேற்றுவரைக்கும் அந்தப் பொய் என்னுடையது என்று தெரியாது. ரேடியோ ஸ்ரேசன்காரன்தான் பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அவனோடு சேர்ந்து ஐந்து வருசமாக அந்த ஸ்ரேசன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நல்ல உரத்துத் திட்டுவேன். குற்றமுள்ளவனுடைய சத்தம் அப்படித்தான் இருக்கும்.

அங்கே ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2

தொண்ணூற்றிரண்டு என்ன வருசம் என்று உங்களைக் கேட்டால் மின்சாரம் இல்லாத வருசம், சவர்க்காரம் இல்லாத வருசம், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வருசம் என்பீர்கள். இங்கே கனடாவில் கேட்டால் கன்ட்ரி பாட்டு வருசம் என்பார்கள்.

கன்ட்ரி என்றால் இங்கத்தைய நாட்டுப்புறத்து வெள்ளைக்காரரின் பாட்டு. ஒரு கிற்றார், ஒரு பிடில், மூக்கால் இழுக்கிற ஒரு குரல். பாடுகிறவன் மாடு மேய்க்கிற தொப்பி போட்டிருப்பான். பெல்ற்றில் சோற்றுக் கோப்பை மூடி அளவுக்கு ஒரு கொளுக்கி இருக்கும். அதுவரைக்கும் லொறி ஓடுகிறவர்களும் தோட்டக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பாட்டு, அந்த வருசம் பட்டணத்துக்குள் வந்து கதிரை போட்டு இருந்துவிட்டது. வங்கியில் காசு எண்ணுகிற பெண்பிள்ளைகூட வெள்ளிக்கிழமையில் தொப்பியோடு நின்றாள். வரிசையாக நின்று ஆடுகிற ஆட்டம் ஒன்றும் அதோடு வந்தது. வலப்பக்கம் மூன்று அடி, இடப்பக்கம் மூன்று அடி, குதிக்காலைத் தட்டி ஒரு திரும்பல். ஸ்காபரோவில் கடைத் தொகுதிகளுக்கு நடுவில் நின்று ஆடினார்கள். என் மகள் சுகிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் அதைத் தேகப்பயிற்சிப் பாடமாகவே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குசினிக்குள் தட்டித் தட்டி ஆடுவாள். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையில் இடிப்பாள்.

எனக்கு அந்தப் பாட்டில் ஆசை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஐஸ்கிறீம் வாளிக்கு மூடி செய்கிற பக்ரறியில் வேலை. அங்கே லொய்ட் என்று ஒரு போர்மன். கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு தீவுக்காரர். மீன் இல்லாமல் போய் ஊரைவிட்டு வந்த மனிசன். மெசினுக்கு மேலே தட்டில் ரேடியோவை வைத்து, ஒருத்தரும் மாற்றக்கூடாது என்று திருகியைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் போட்டுவிடுவார். எட்டு மணித்தியாலமும் கன்ட்ரிதான். "நானும் உன்னை மாதிரி அகதிதான். என்னட்டைப் பேப்பர் கேக்கேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அவர் இங்கிலிஷில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

நான் வகுப்புக்குப் போய் இங்கிலிஷ் படித்தவனில்லை. அந்த ரேடியோவில்தான் படித்தேன். மற்றப் பாட்டுக்காரர் விழுங்குகிற சொல்லைக் கன்ட்ரிக்காரன் இழுத்து இழுத்துச் சொல்லுவான். மூடி அடுக்கிக்கொண்டே பிடித்துக்கொள்ளலாம். பிறகு குடிவரவுக் கந்தோரில் பேப்பரை நீட்டிய பெண்ணிடம், தொப்பி இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டு, "மச் ஒப்ளைஜ்ட், மேம்" என்று கன்ட்ரிக்காரன் பாணியில் நன்றி சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த இங்கிலிஷை எங்கே படித்தாய் என்று கேட்டாள். ஐஸ்கிறீம் மூடியில் என்றேன்.

மலருக்கு அந்தப் பாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒருநாள் பொறுமையாக நான்கு பாட்டுக்கு விளக்கம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உதில ஒருத்தரும் வீட்டில இல்லையே அப்பா. எல்லாரும் எங்கையோ போகினம். போன பிறகு இருந்து அழுகினம். உதுக்கு நான் எங்கட ஆக்களின்ர கதையையே கேட்டுக்கொண்டு இருப்பனே."

3

எங்கள் ஆட்களின் கதையைக் கேட்பதற்கென்று அப்போது கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை. ஒரு சின்ன ஸ்ரேசனில் வாடகைக்கு எடுத்து, நாதன் அண்ணை என்ற ஒருவர் நடத்தினார். கிழமை நாளில் அவர் ஒரு கார் பார்க்கில் காவல், ஞாயிற்றுக்கிழமையில் அறிவிப்பாளர். அதற்கு முந்திய மணித்தியாலம் அந்த ஸ்ரேசனில் கன்ட்ரி. ஒரு மணிக்குப் பிந்திவிடக்கூடாது என்று எல்லோரும் பத்து நிமிசம் முந்தியே ரேடியோவைப் போடுவார்கள். அதனால் எங்கள் மல்வேர்ன் பகுதியில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதுக்கும் ஏதாவது ஒரு கன்ட்ரி பாட்டின் வால் தெரியும். எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடிப் பவளம் அன்ரி அரிசி களைந்துகொண்டே அதை முணுமுணுப்பா. அர்த்தம் தெரியாது.

ஒன்றே காலுக்கு மரண அறிவித்தல். அப்போது பேச்சுக் கிடையாது. தண்ணீர்க் குழாயைக்கூடப் பூட்டிவிடுவோம். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று நாதன் அண்ணை தொடங்கினால், எந்த ஊர் என்று சொல்லுகிற வரைக்கும் மூச்சு வெளியே வராது. ஊருக்கு ரெலிபோன் இல்லை. கடிதம் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து இங்கே வர ஒன்றரை மாதமும் எடுக்கும், இரண்டு மாதமும் எடுக்கும். சனம் இங்கே அறை அறையாக மாறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஒரு பேஸ்மென்ற், நாளைக்கு இன்னொன்று. யாரை எந்த நம்பரில் பிடிப்பது? ஆனால் கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் நாதன் அண்ணைக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பொந்துக்குள் இருக்கிறவனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

யோகன் அப்படி ஒரு பொந்துக்குள்தான் இருந்தான். பொந்து என்னுடைய வீடு. பக்ரறியில் எனக்குப் பக்கத்து மெசின். கரவெட்டிப் பெடியன், இருபத்தேழு வயது, மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. இருந்த பேஸ்மென்ற்றில் தண்ணீர் ஏறிவிட்டதென்று சாமானோடு வந்து நின்றான். இரண்டு அறை வீட்டில் விறாந்தைச் சோபாவில் படுத்தான். குத்தகைப் பேப்பரில் எங்கள் மூன்று பேரின் பெயர்தான். கட்டிடத்தைப் பார்க்கிற சூப்பர் நாலாவது ஆளைக் கண்டால் எங்களை வீட்டால் எழுப்பிவிடுவான் என்று எனக்குப் பயம். "தம்பி, எங்கட நம்பரை ஒருத்தருக்கும் குடுக்காதை. கேட்டால் மாறிக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லு" என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். சொன்னால் கேட்கிற பெடியன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றே காலுக்கு அவன் சோபாவில் இருக்கமாட்டான். ரேடியோவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருப்பான். தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம். அறிவித்தல் முடிந்து விளம்பரம் தொடங்க, எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு, "இந்தக் கிழமையும் தப்பிட்டார், அக்கா. சோத்தைப் போடுங்கோ" என்பான். ஒவ்வொரு ஞாயிறும் அதே சொல். மலர் அதற்காகவே காத்திருந்து சட்டியைத் திறப்பாள்.

4

அந்த வருசம் கோடை தொடங்க முன்னர், ரெலிபோனில் ஒரு பெண் கேட்டாள்: உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்? ரேடியோ கேட்பதைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு.

எனக்கு எதிரில் யோகன் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேர் என்றேன்.

மூன்று புத்தகங்கள் வந்தன. கட்டிடத்தில் வேறு யார் யாருக்கு வந்ததோ தெரியாது. ஆனால் பவளம் அன்ரியும் ஒன்பதாம் மாடிக் குடும்பம் ஒன்றும் தங்களுடையதை என்னிடம் கொண்டுவந்தார்கள். கட்டிடத்தில் யாருக்கு இங்கிலிஷில் கடதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். ஒருவகைப் பெருமை எனக்கு. நான் விளக்கம் சொல்லுவேன், சுகி எழுதுவாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை என்ன எழுதுறது? தமிழ் புரோகிராம்தானே?" என்று சுகி பென்சிலோடு கேட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். ஐந்து வருசமாக இதே இடத்தில்தான் நிற்கிறேன்.

எண்பத்தேழில் ஒரு சோதனைச் சாவடியில் ஒருவன் என்னைச் சைக்கிளால் இறக்கி, எந்த ரேடியோ கேட்கிறாய் என்று கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன். கன்னத்தில் விழுந்த அடியில் காது இரண்டு நாள் இரைந்தது. அன்றைக்குப் படித்த பாடம் எனக்கு ஒன்றுதான்: பேப்பரோடு நிற்கிறவன் எதைக் கேட்டாலும் அவனுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல். கொழும்பில் சொன்னேன். விமானத்தில் தந்த படிவத்தில் சொன்னேன். இங்கே வந்து எத்தனை படிவம்! எல்லாவற்றிலும் அவர்களுக்கு உவப்பானதைத்தான் எழுதினேன். தப்பினேன். அது என் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

"தமிழ் எண்டு எழுதாதை. ஊர்ச் செய்தி கேக்கிற ஆக்கள் எண்டு எங்கையாவது பதிஞ்சு வைப்பாங்கள். பன்ரண்டிலயிருந்து ஒண்டு வரைக்கும் கன்ட்ரி. ஒரு மணியோட ரேடியோ நிப்பாட்டினதெண்டு எழுது."

"பட் தட்ஸ் நொற் ட்ரூ, அப்பா."

"சொன்னதை எழுது."

எழுதினாள். மூன்று வீட்டுக்கும் எழுதினாள். குண்டு குண்டான கையெழுத்து. கிழமை நாள் முழுக்கக் கன்ட்ரி, ஞாயிறும் கன்ட்ரி, ஒரு மணிக்கு நிறுத்தம். பவளம் அன்ரி, "எங்களை நல்ல ஆக்கள் எண்டு நினைப்பாங்கள் என்ன தம்பி?" என்று கேட்டா. "கனடாக்காரரைவிட நல்ல கனடாக்காரர் எண்டு நினைப்பாங்கள் அன்ரி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் வேலையால் வந்த யோகனும் என்னவென்று தெரியாமலே சிரித்தான்.

அவனிடம் புத்தகம் இல்லை. அந்த வீட்டில் அந்த மணித்தியாலத்தை நிலத்தில் இருந்து கேட்ட ஒரே மனிசனிடம் புத்தகம் இல்லை.

5

ஆடி மாதம் நாதன் அண்ணை ஒலிபரப்பின் முடிவில், அடுத்த மாதத்தோடு இந்த நிகழ்ச்சி நிற்கிறது என்று சொன்னார். இரண்டு மணித்தியாலக் கன்ட்ரி போடப்போகிறார்களாம். யோகன் நிலத்திலிருந்து எழும்பவில்லை. "அப்ப இனி எனக்கு ஆர் அண்ணை சொல்லுறது?" என்று கேட்டான். என்னைத்தான் கேட்டான்.

எனக்குக் கொதித்தது. கையெழுத்துச் சேர்த்தேன். கோயிலில், கடை வாசலில், பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் நின்று, ஒரு கொப்பி நிறையச் சேர்த்தேன். நாதன் அண்ணையும் நானும் சேட்டைக் களிசானுக்குள் விட்டு, சப்பாத்து மினுக்கி, அந்த ஸ்ரேசனுக்குப் போனோம். மனேஜர் ஒருவன், நாற்பது வயதிருக்கும், ரை கட்டிக்கொண்டு அதற்குக் கீழே மாட்டுக்காரச் சப்பாத்துப் போட்டிருந்தான். கோப்பி தந்தான். கொப்பியை மரியாதையாகப் புரட்டிப் பார்த்தான். பிறகு லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து எங்களுக்கு முன்னால் வைத்தான்.

கோடு கோடாகக் கிடந்தது. விரலால் தொட்டுக் காட்டினான். இது கணக்கெடுப்பில் வந்தது. இது ஸ்காபரோவின் வடகிழக்கு மூலை. உங்கள் ஆட்கள் இருக்கிற மாடிக் கட்டிடங்கள் இந்தப் பக்கம்தானே? பாருங்கள், ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு இவ்வளவு பேர் எங்களைக் கேட்கிறார்கள். ஒரு மணிக்கு...

கோடு செங்குத்தாக விழுந்திருந்தது.

"கையெழுத்து வைத்தது உங்கள் ஆட்கள். சரி. ஆனால் ஒரு மணியானதும் ரேடியோவை நிறுத்துவதும் உங்கள் ஆட்கள்தான். அவர்கள் கன்ட்ரியைத்தான் கேட்கிறார்கள், ஐயா. நான் என்ன செய்ய?"

நாதன் அண்ணை என்னைப் பார்த்தார். "உது எப்பிடி? உது எங்கையோ பிழைச்சுப்போச்சு. நீர் இங்கிலிஷில கேளும். ஆர் உப்பிடி எழுதினது எண்டு கேளும்!"

நான் கேட்கவில்லை. அந்தக் கோடு விழுகிற இடத்தில் எனக்குச் சுகியின் குண்டுக் கையெழுத்துத் தெரிந்தது. எங்களுடைய புத்தகங்கள் மட்டும்தான் அந்தக் கோட்டை விழுத்தினவா, என்னைப்போல இன்னும் எத்தனை கெட்டிக்காரர் எத்தனை கட்டிடத்தில் இருந்து எழுதினார்களா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாயைத் திறந்து, "நான்தான் பிழையாக எழுதினேன், பயத்தில் எழுதினேன்" என்று ஒரு வசனம். இழுத்து இழுத்துச் சொல்லக்கூடிய அளவுக்கு என்னிடம் இங்கிலிஷ் இருந்தது.

எழும்பி அவனுக்குக் கை கொடுத்தேன். வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "மச் ஒப்ளைஜ்ட்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும் அந்த மனேஜரைத் திட்டத் தொடங்கினேன். துவேசம் பிடித்தவன் என்றேன். நாதன் அண்ணை கொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கிய திட்டு.

6

புரட்டாதியில் பக்ரறி வருடாந்தக் கொண்டாட்டம். வேறென்ன, கன்ட்ரிதான். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஆளுக்கொரு கடதாசித் தொப்பி. யோகன் வரமாட்டேன் என்று நின்றான். சுகிதான் விடவில்லை. "யோகன் மாமா, இற்ஸ் சோ ஈஸி" என்று அவனைக் குசினிக்குள் நிறுத்தி ஒரு கிழமையாகப் பழக்கியிருந்தாள். சனிக்கிழமை பின்னேரம் அவன் லொய்ட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆடினான். வலம் மூன்று, இடம் மூன்று, குதிக்காலில் ஒரு தட்டு. முதலில் கால் இடறியது. பிறகு பிடித்துவிட்டான். வெட்கத்தோடு சிரித்துச் சிரித்து ஆடினான். வெள்ளைக்காரப் பெண்கள் கை தட்டினார்கள். தட்டு நிறையக் கோழிக்கால் தின்றான். அவன் கனடாவில் சந்தோசமாக இருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். நான்தான் படம் எடுத்தேன்.

கடிதம் ஐப்பசி நடுவில் வந்தது. அவனுடைய பழைய பேஸ்மென்ற் விலாசத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ கைமாறிக் கொடுத்தது. வெள்ளவத்தையில் இருக்கிற தமக்கை எழுதியிருந்தாள். ஐயா போய்விட்டார், மூன்றாம் நாளே கிளாலியால் வந்த ஆள் எனக்குச் சொன்னார். கொள்ளி வைக்க நீ இல்லை, சித்தப்பாவின் மகன்தான் வைத்தான். உன்னுடைய நம்பருக்கு அடித்தேன், வேலை செய்யவில்லை. ரேடியோ நாதன் அண்ணைக்கு அடித்தேன், அவர் இப்போது ரேடியோ இல்லையாம். நாலு பேரிடம் விசாரித்தாராம், ஒருத்தருக்கும் உன்னுடைய இடம் தெரியாதாம். எட்டுச் செலவு இன்ன திகதி. முப்பத்தொன்று இன்ன திகதி. நீ அங்கே இருந்து துடக்குக் காத்திருப்பாய் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

யோகன் சோபாவில் இருந்து விரலால் நாளை எண்ணினான். எனக்கும் எண்ணத் தெரியும். எட்டாம் நாள், கொண்டாட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை.

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போகமுடியாத தேசத்தில் இருக்கிற பிள்ளை செத்த தகப்பனுக்குச் செய்யக்கூடியது எவ்வளவு? முப்பத்தொரு நாள் சவரம் செய்யாமல், மச்சம் தின்னாமல், கோயில் வாசலை மிதிக்காமல் இருப்பது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் தகப்பனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நேரத்தில் அவன் கோழிக்காலோடு நின்றான். இருபதாம் நாளோ என்னவோ கோயிலுக்குப் போய்த் தகப்பனின் பெயருக்கு அருச்சனையும் செய்தான், நெஞ்சு வருத்தம் சுகமாக வேண்டும் என்று.

"நான் ஆடினனான், அண்ணை" என்றான். அழவில்லை. "தொப்பி போட்டுக்கொண்டு ஆடினனான். நீங்கள் படமும் எடுத்தனீங்கள்."

அடுத்த நாள் வேலைக்கு வந்தான். நான் லொய்ட்டிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அந்த மனிசன் உடனே ஏணியை வைத்து ஏறி, பாட்டு நடுவில் ஓடிக்கொண்டிருக்க, ரேடியோவை நிறுத்தினார். ஷிப்ற் முடியும்வரை போடவில்லை. அந்தப் பக்ரறியில் மெசின் இப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். துடக்கு, முப்பத்தொன்று, எட்டு ஒன்றும் தெரியாத மனிசன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் யோகனுக்குப் பக்கத்தில் இருந்து நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். "அந்த ஸ்ரேசன்காரன் நல்லா இருக்கமாட்டான்" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றான்.

7

இப்போது சுகிக்குப் பதினேழு. கன்ட்ரி என்றால் வாந்தி வருகிறது என்கிறாள். காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு வேறு ஏதோ கேட்கிறாள். நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற ரேடியோவும் இங்கே வந்துவிட்டது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்கவேண்டும். மரண அறிவித்தல் ஒரு நாளைக்கு மூன்று தரம். லொய்ட் ஓய்வெடுத்துத் தன்னுடைய தீவுக்குப் போய்விட்டார். அவரால் போக முடிந்தது. யோகன் மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் மனைவி, பிள்ளையோடு வீடு வாங்கிக் குடியிருக்கிறான். கூப்பிட்டால் காரில் வந்து என்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போவான். அவனுடைய காரில் ரேடியோ போடுவதில்லை.

நேற்று அந்தப் புத்தகங்களை மேசையில் எறிந்த பிறகு நான் சாப்பிடவில்லை. சுகி வந்து பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்கு விளங்கியது. பன்னிரண்டு வயதில் எழுதியது மறக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இதைத்தானே நீங்கள் என்னைக் கொண்டு லை பண்ணி எழுத வைச்சனீங்கள்" என்றாள். "யோகன் மாமாக்குத் தெரியுமா, அப்பா?"

"இல்லை."

"ஐ தோற் யூ டோல்ட் ஹிம். ஓல் தீஸ் இயர்ஸ்..." பாதியில் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து வருசமாக நான் ரேடியோக்காரனைத் திட்டிய ஒவ்வொரு தரமும் அந்தப் பிள்ளையும் மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ரெலிபோனை எடுத்தேன். யோகன்தான் பேசினான். பின்னால் பிள்ளை சிணுங்கியது. நான் நிறுத்தாமல் சொன்னேன். கணக்கெடுப்பு, மூன்று பேர் என்று சொன்னது, கன்ட்ரி, ஒரு மணி, மனேஜரின் தாள், நான் வாய் திறக்காதது. எல்லாம் சொன்னேன். அவன் பிள்ளையை மனைவியிடம் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணை."

"சொல்லு, தம்பி."

"நாலு பேர் எண்டு சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு புத்தகம் வந்திருக்குமோ?"

"ஓம்."

"நான் ஒழுங்கா எழுதியிருப்பன், அண்ணை."

வைத்துவிட்டான். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் என்னுடைய புத்தகத்தை நானே நிரப்பத் தொடங்கினேன். என் கையெழுத்து கோணல்தான், இருக்கட்டும். தமிழ் ரேடியோ கேட்ட நேரத்துக்குத் தமிழ் ரேடியோ என்று எழுதினேன். கேட்காத நேரத்துக்கு இல்லை என்று எழுதினேன். கடைசியில் ஒரு வெறும் பக்கம் இருக்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுதலாம் என்று போட்டிருக்கிறார்கள். போன முறை அதை வெறுமையாக விட்டோம்.

அதில் எழுதினேன். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, என்று தொடங்கினேன். அவன் தகப்பனின் பெயரை முழுதாக எழுதினேன். மனைவியின் பெயர், மூன்று பெண்களின் பெயர். ரொறன்ரோ, மல்வேர்னில் இன்ன இலக்கக் கட்டிடத்தில், இன்ன இலக்க வீட்டில், நாலாவது ஆளாக வசித்த யோகராசாவின் அன்புத் தகப்பனாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும். எங்களுடைய ரெலிபோன் நம்பரையும் கீழே போட்டேன்.

சுகி தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு நேரம் எடுத்தது. கடைசி வரிவரை வாசித்தாள்.

"அப்பா, அங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதே."

"தெரிஞ்ச ஒருத்தனைத் தேடிப் பிடிக்கட்டும்" என்று சொல்லி உறையை நக்கி ஒட்டினேன்.